சர்வர் மாற்றப்போன செம்மல் சிறைப்பட்ட வரலாறு

வாழ்க எங்கள் சிஸ்டம் சார்! நீலக் கேபிள்களை வெற்றி மாலையெனத் தோளில் தாங்கிய திருமார்பர். சுட்டெலியே செங்கோலாய், சுழல்நாற்காலியே சிங்காதனமாய் வீற்றிருந்து அருள்பாலிப்பவர். நாற்பத்தேழு கடவுச்சொற்களை நெஞ்சறையில் பூட்டி வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மட்டும் நாள்தோறும் தேடுபவர். "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்னும் ஒற்றை மந்திரத்தால் ஓராயிரம் கணினிகளுக்குப் போன உயிரைப் பிடித்துக் கொடுத்த புண்ணியர். அன்னார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சர்வர் மாற்றப் புறப்பட்டு, பகல் பன்னிரண்டரை மணிவரை பட்ட பாட்டை, கேட்போர் நெஞ்சம் உருகவும், உருகாதோர் நெஞ்சம் கொஞ்சமாவது உறுத்தவும் எடுத்துரைக்கத் துணிந்தேன். சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் அன்று அங்கே இருந்தவர்களில் எவரும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதால், இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

காவியம் பாடுகிறவன் முதலில் நாட்டின் வளத்தையும் ஆற்றின் அழகையும் பாட வேண்டும் என்பது மரபு. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நேரே அலுவலகத்துக்கு வந்துவிடுகிறேன். கீழே டயர் கடையும் முதல் மாடியில் பல் வைத்தியரும் காவல் நிற்க, இரண்டாம் மாடியில் கொலுவீற்றிருக்கிறது அந்த லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம். ஊரிலுள்ள நானூற்றுப் பன்னிரண்டு லிப்டுகள் அதன் பராமரிப்பில் உள்ளன. அவற்றில் எது எந்த இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று அடம்பிடித்தாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் மஞ்சள் பொத்தானை அமுக்கினால் மணி அடிப்பது இங்கேதான். அழைப்பை ஏற்பதும், ஆளை அனுப்புவதும், அகப்பட்டவரை அலுங்காமல் மீட்பதும் இவர்கள் ஆண்டாண்டு காலமாய் ஆற்றிவரும் அறம். இந்தக் கட்டடத்துக்கு மட்டும் லிப்ட் கிடையாது.

அந்நிறுவனத்துக்கு ஒரு வேதவாக்கு உண்டு: மாட்டிக்கொண்டவர் கதவில் கை வைக்கலாகாது, மீட்க வந்தவரும் முறைப்படியன்றிக் கை வைக்கலாகாது. பாதி வழியில் நிற்கும் லிப்டின் கதவை ஆள்பலத்தால் நெம்பித் திறந்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துத் திரிசங்காய்த் தொங்கிய அவசரக்காரர்கள் பலரைக் கண்ட முன்னோர் வகுத்த விதி அது. வரவேற்பறைச் சுவரிலும், நாட்காட்டியிலும், டீக் கோப்பையிலும், சட்டைப் பையின் மேலும் அது அச்சாகியிருக்கிறது. ஓதி ஓதி அது ரத்தத்திலேயே ஊறிப்போனதால், இங்கே வேலை பார்ப்பவர்கள் தம் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால்கூட, ஈரத் தலையோடு கையைக் கட்டிக்கொண்டு, ஆள் வரும்வரை நிற்பார்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை.

போருக்கு மூலம், சர்வர் அறையின் மூலையில் ஏழாண்டுகளாகக் கண் துஞ்சாது முனகிக்கொண்டிருந்த முதுபெரும் இயந்திரம். நானூற்றுப் பன்னிரண்டு லிப்டுகளின் பிறப்பு, வளர்ப்பு, நோய்நொடி எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான். அண்மைக்காலமாக அது ஒரு கேள்விக்கு விடை சொல்வதற்குள் கேட்டவர் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்ற நிலை. ஆகவே அதற்கு ஓய்வளித்து, உடலெங்கும் காற்றுக்குமிழி பிளாஸ்டிக் உறை போர்த்து அட்டைப்பெட்டிப் பல்லக்கில் வந்திறங்கிய புதிய சர்வருக்கு முடிசூட்டுவதென்று முடிவாயிற்று. அழைப்புகள் குறைந்த ஞாயிற்றுக்கிழமையே அதற்கு உகந்த நாள் என்று குறித்தார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான், ஐயகோ, வேறொன்றுக்கும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. சிஸ்டம் சாரின் மனைவிக்கு ஒரே தம்பி. அவன் வேலைக்காக மூன்று வருடம் கடல் கடந்து போகிறான். பிற்பகல் இரண்டு மணிக்கு ரயில். போவதற்கு முன் குடும்பம் முழுவதும் ஒன்றாய் நின்று ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. மாமியார் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே மூன்று குடும்பப் படங்கள் தொங்குகின்றன. மூன்றிலும் மருமகன் இல்லை. முதல் படத்தன்று மின்தடை, இரண்டாவதன்று வைரஸ், மூன்றாவதன்று பிரிண்டர். "உங்க மருமகன் எங்கே?" என்று வருகிறவர்கள் கேட்டால், "அவருக்கு அன்னைக்கு சர்வர் வேலை" என்பார் மாமியார். "எந்த ஓட்டல்ல?" என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு.

ஆதலால் முந்தைய நாள் மாலை, அடுக்களை வாசலில் நின்று, கரண்டியைக் கையில் ஏந்தி, மனைவியார் ஒரு பிரகடனம் செய்தார்:

"இங்க பாருங்க. உங்க சர்வர் நாளைக்கும் இருக்கும், நாளன்னைக்கும் இருக்கும். என் தம்பி இருக்க மாட்டான். பதினொன்றரைக்கு ஸ்டூடியோ. நீங்க வரலைன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒண்ணும் சொல்ல மாட்டேன்! மணமான ஆடவர் அறிவர் இச்சொற்களின் கனத்தை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், பாத்திரம் உருண்டால் குனிந்துகொள்ளலாம், ஒன்றுமே சொல்லாமல் தட்டை வைத்துவிட்டுப் போகிற மனைவியை எந்தக் கவசம் கொண்டு தாங்குவது? சிஸ்டம் சார் நெஞ்சில் கை வைத்து வஞ்சினம் உரைத்தார்: "ஒரு மணி நேர வேலைதாம்மா. பத்தரைக்கெல்லாம் வீட்ல இருப்பேன்." இவ்வுலகில் இதுவரை எந்தச் சர்வரும் ஒரு மணி நேரத்தில் மாறியதில்லை என்பது அவருக்கே தெரியும். இருந்தாலும் மனதாரத்தான் சொன்னார்.

விடிந்தது. ஒன்பது மணிக்கு அவர் படியேறி வந்தார். "அறைக்குள் கைபேசி வரலாகாது" என்று தாமே இயற்றிய சட்டத்துக்குத் தாமே தலைவணங்கி, வாசலோரத்துத் தட்டில் கைபேசியைக் கழற்றி வைத்த ஆயுதம்போல் வைத்தார். அட்டையைக் காட்டினார். பச்சை விளக்கு மின்னிற்று. முழுக்க முழுக்கக் கண்ணாடியாலான கதவு தானே உள்பக்கம் திறந்து, அவர் நுழைந்ததும் தானே சாத்திக்கொண்டது. இந்த அதிசயக் கதவும் அவர் இரண்டு வருடத்துக்கு முன் வாதாடி வாங்கிவந்ததே. யாராவது அட்டையைக் காட்டினால் கதவு சர்வரைக் கேட்கும். "நம்ம ஆள்தான், விடு" என்று சர்வர் சொன்னால் விளக்கு பச்சையாகும், கதவு விலகும். கையால் யாரும் அதைத் தொட வேண்டிய அவசியமே வந்ததில்லை.

உள்ளே பதினெட்டு டிகிரிக் குளிர். கோடைக்கேற்ற மெல்லிய அரைக்கைச் சட்டையோடு, பழைய சர்வரின் முன் அவர் ஒரு கணம் நின்றார். ஏழாண்டு உறவு. தலைவலி கொடுத்ததும் அதுதான், சோறு போட்டதும் அதுதான். "போயிட்டு வாப்பா" என்று தட்டிக் கொடுத்து, பொத்தானை அழுத்தினார். அந்த முனகல் இறங்கி, இழுத்து, விக்கி, அடங்கிற்று. அறைக்குள் அப்படியொரு அமைதி சூழ்ந்தது, பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றபோது வருமே, அதுபோல. அப்புறம் புதிய சர்வரின் உறையை உரித்தார், கேபிள்களைச் செருகினார், உயிர்ப்பித்தார். விளக்குகள் வரிசையாய் எரிந்தன. திரையில் இப்படி எழுந்தது: "உங்கள் கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியுள்ளோம். ஒரு நிமிடத்துக்குள் உள்ளிடவும்."

அவர் புன்னகைத்தார். எழுந்தார். கைபேசியை எடுக்கக் கதவுக்கு வந்தார். அட்டையைக் காட்டினார். "கீக்" என்றது. சிவப்பு விளக்கு.

மறுபடி காட்டினார். கீக். சட்டையில் துடைத்துக் காட்டினார். கீக். அட்டையைத் திருப்பிக் காட்டினார், மெதுவாய்க் காட்டினார், சட்டென்று காட்டி ஏமாற்றப் பார்த்தார். கீக், கீக், கீக். பதினோராம் கீக்கில்தான் அப்பெருமகனாரின் அறிவுக்கண் திறந்தது. கதவு சர்வரைக் கேட்கும். சர்வர் செத்துவிட்டது. கொன்றவர் அவரே. புதியது பிறக்கக் கைபேசி வேண்டும். கைபேசி கதவுக்கு வெளியே. கதவு திறக்கப் புதியது பிறக்க வேண்டும். தான் வைத்த கண்ணியில் தானே விழுந்த வேடனைப்போல் அவர் கண்ணாடிக்குள்ளிருந்து உலகத்தைப் பார்த்தார். மணி ஒன்பது நாற்பது.

அப்போது வெளியே அழைப்பு மேசையில் அமர்ந்திருந்தார் போன் அக்கா. அவர் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே இருட்டில் அலறுகிறவர்கள்கூட அக்குரலைக் கேட்டால் அழுகையை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று அவரை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்; அத்தகைய தேன்குரல். பன்னிரண்டு வருடமாக அக்கா ஓதுவது ஒரே பாடம். கண்ணாடியில் யாரோ தட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினார். சிஸ்டம் சார் உள்ளேயிருந்து கையால் ஜாடை காட்டினார். கதவின் அடியில் நூலளவு இடைவெளி. அதன் வழியேதான் பேச்சு போகும். அக்கா குனிந்தார். பழக்கம் விடுமா?

"வணக்கம், பதட்டப்படாதீங்க. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான்க்கா! உங்களுக்குத் தெரியாதா?"

"எந்த மாடியில நிக்குது?"

"நீங்க நிக்கிற மாடியிலதான்க்கா!"

"கர்ப்பிணிகள், முதியவர்கள் யாராவது இருக்காங்களா?"

"அக்கா!"

"சரி சார், கோவப்படாதீங்க. மூச்ச நல்லா இழுத்து விடுங்க. கதவுல மட்டும் கை வைக்காதீங்க. ஆள் வந்துகிட்டே இருக்காங்க."

சிஸ்டம் சார் அனிச்சையாகவே கதவிலிருந்து இரண்டடி பின்வாங்கினார். ரத்தத்தில் ஊறியது என்றேனே.

ஆள் வந்தார். சாதாரண ஆளா? முந்நூறு மீட்புகளின் நாயகர், திருப்புளித் திருக்கரத்தர், கிரீஸ் மணக்கும் கிரீடதாரி, மெக்கானிக் அண்ணன்! அவர் படியேறி வந்த நடையில் கருவிப்பெட்டி முரசறைந்தது. கண்ணாடியின் முன் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலும் கீழும் பார்த்தார். விதிப்படி முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தபின்தான் கதவில் கருவி படலாம். "பவர ஆஃப் பண்ணப் போறேன்" என்று அறிவித்தார்.

"ஐயோ, வேணாம்ணே!" என்று உள்ளிருந்து ஓலம் எழுந்தது. "புதுசு பாதியில நிக்குது! பவர் போனா மொத்தமும் போயிடும்!"

மெக்கானிக் அண்ணன் கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார். மின்சாரத்தை நிறுத்தாமல் கதவைத் தொடக்கூடாது. சர்வரைக் கொல்லாமல் மின்சாரத்தை நிறுத்தக்கூடாது. மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவர் தம் வீட்டுச் சோபாவிலிருந்து வெளியிட்ட அரசாணை சுருக்கமானது: "கண்ணாடிய மட்டும் உடைச்சிடாதீங்க." கதவு விற்ற கடைக்குப் போட்டார்கள். ஞாயிறு விடுமுறை என்று ஒரு பெண்குரல் பாடிவிட்டு வைத்தது. முந்நூறு பேரை மீட்டவரும், மூவாயிரம் பேரைத் தேற்றியவரும், நாற்பத்தேழு கடவுச்சொற்களை அறிந்தவரும் ஒரு கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.

இனி ஒரே வழி. ஆறு இலக்க எண்ணை வெளியிலிருந்து உள்ளே அனுப்புவது. அதற்கு முதலில் கைபேசியைத் திறக்க வேண்டும்; அதற்கோ ஒன்பது புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் கோலம் ஒன்று உண்டு. வாயால் விளக்க முடியாத அதைச் சிஸ்டம் சார் கண்ணாடியில் ஊதி, படர்ந்த ஆவியின் மேல் விரலால் வரைந்து காட்டினார். அக்கா பார்த்ததைப் பார்த்தபடி போட்டார். தவறு. மறுபடி. தவறு. கைபேசி கோபித்துக்கொண்டு அரை நிமிடம் பேசாமல் இருந்தது. கடைசியில் மெக்கானிக் அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்து, "ஏம்மா, அவரு உள்ளேர்ந்து போட்டது நமக்கு இடம் வலமாத்தானே தெரியும்? திருப்பிப் போடு" என்றார். திறந்தது. அன்று அங்கே யாராவது மூளையைப் பயன்படுத்தினார்கள் என்றால் அது அந்த ஒரு தடவைதான்.

தொடங்கிற்று எண் போர்! புதிய சர்வரின் விசைப்பலகையோ அறையின் அந்தக் கோடியில், மூன்று இரும்பு அலமாரிகளுக்கு அப்பால். கதவடியில் எண்ணைக் கேட்டு, எழுந்து, ஓடி, வளைந்து, அமர்ந்து, அடிக்க வேண்டும். கையிலிருப்பதோ ஒரு நிமிடம். முதல் எண் வந்தது. தேன்குரல் அக்கா பன்னிரண்டு வருட ஒழுங்கோடு ஓதினார்: "நாலு... ஏழு... சரியா குறிச்சுக்கிட்டீங்களா சார்? ஒருமுறை திருப்பிச் சொல்றேன்..." அவர் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் எண் செத்தது. இரண்டாம் எண்ணை மெக்கானிக் அண்ணன் தாமே தரையில் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து, லிப்ட் குழிக்குள் கத்தும் குரலில் கத்தினார்; கீழ்மாடியில் பல் வைத்தியரின் நாற்காலியில் கிடந்தவர் பயந்து வாயை மூடிக்கொண்டதாகக் கேள்வி. சிஸ்டம் சார் அம்பாய்ப் பாய்ந்தார். அடித்தார். ஆனால் குளிரில் விறைத்த விரல்கள், துருப்பிடித்த கத்தரிக்கோல்கள்போல, ஒன்பதுக்குப் பதில் ஆறை அழுத்தின. "இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு" என்றது திரை.

குளிர் தாங்கவில்லை. அவர் பார்வை தரையில் கிடந்த குமிழி உறையின் மேல் விழுந்தது. அதை எடுத்து உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு, அசையும் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு குமிழி பட்பட்டென்று வெடிக்க, கதவடியில் வந்து காதை வைத்துப் படுத்தார். வெளியே மெக்கானிக் அண்ணனும் படுத்திருந்தார். நடுவே கதவு. இதற்கிடையில் உண்மையாகவே மூன்று லிப்டுகள் ஊருக்குள் நின்றன. மூன்று அழைப்புகளையும் அக்கா ஒரு பழைய நோட்டில் எழுதி, மூன்று ஆட்களை அனுப்பி, மூன்றையும் அரைமணியில் முடித்துவிட்டார். சர்வர் இருந்த நாளில் அதற்கு ஒன்றரை மணி ஆகும். இதை யாரும் சிஸ்டம் சாரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் எண் வந்தது. "அஞ்சு, ரெண்டு, எட்டு..." என்று முழங்கத் தொடங்கினார் மெக்கானிக் அண்ணன். அக்கணத்தில், கைபேசித் திரையிலிருந்த எண்ணை மறைத்துக்கொண்டு, ஓர் அழைப்பு எழுந்தது. "வீடு" என்றது. மணி பதினொன்று முப்பத்தைந்து. எடுக்காமல் விட எவருக்கும் துணிவில்லை. எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, கதவடியில் வைத்தார்கள். உள்ளே திரையில் கடைசி வாய்ப்பும் கரைந்து, "இருபத்துநான்கு மணி நேரம் கழித்து முயலவும்" என்று ஒரு வரி எழுந்து நின்றது.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதாம்மா... உள்ள இருக்கேன்."

"உள்ளன்னா?"

ஒரு குமிழி வெடித்தது. அக்கா புகுந்தார். "மேடம், வணக்கம், பதட்டப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் பத்திரமா இருக்காரு. உள்ள காத்து இருக்கு. கதவுல கை வைக்க வேணாம்னு சொல்லியிருக்கோம்."

கைபேசியை இன்னும் கொஞ்சம் கதவடிக்குத் தள்ளினார். பிறகு சிஸ்டம் சார், கன்னம் தரையில் ஒட்ட, குமிழிகள் வெடிக்க, சொன்னார்: "நீங்க எடுத்துக்கோங்கம்மா. தம்பிக்கு ரயிலுக்கு நேரமாச்சு. நான் இல்லாமலே எடுத்துக்கோங்க." இவ்வளவு நேரம் அவரைக் கேலி பேசிய நான் இந்த இடத்தில் பேசவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று படங்களில் இல்லாதபோது உறைக்காதது, நாலாவதில் உறைத்தது.

"மூணு படத்துல நீங்க இல்ல" என்றது கைபேசி. "நாலாவதுலயும் இல்லைன்னா எதுக்குங்க அந்தப் படம்? நான் சிரிக்கவா? எல்லாரும் அங்க வர்றோம். எங்கயும் போயிடாதீங்க."

எங்கே போவார்?

பன்னிரண்டே கால் மணிக்குப் படிகள் அதிர்ந்தன. வந்தது குடும்பப் படை! முன்னணியில் மனைவியார், புதுச் சேலையும் பழைய கோபமும் உடுத்து, அவர் விரலைப் பிடித்தபடி சிஸ்டம் சாரின் ஆறு வயது மகள், அடுத்து இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பயணம் போகிற தம்பி, பின்னே மாமியார், அவருக்கும் பின்னே, ஒவ்வொரு படியிலும் நின்று இளைப்பாறி, "லிப்ட் கம்பெனியில லிப்ட் இல்லையாம்" என்று படிக்கொரு தரம் உலகுக்கு அறிவித்தபடி, தொந்தியும் தோற்றமும் மிக்க மாமனார், கடைசியில் முக்காலியும் கேமராவும் சுமந்த ஸ்டூடியோக்காரர். எல்லோரும் வந்து கண்ணாடியின் முன் நின்றார்கள். உள்ளே, காற்றுக்குமிழிப் பொன்னாடை போர்த்தி, மூக்கு சிவந்து, பல் தந்தியடிக்க, மருமகன் நின்றார்.

"அப்பா பார்சல்ல வந்திருக்காரு!" என்று மகள் கை தட்டினாள். மனைவியார் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார். கோபத்தோடு வந்தவர் சிரித்துவிட்டால் பாதிப் போர் முடிந்த மாதிரி.

"அத்தான், நான் கிளம்பறேன்" என்று தம்பி கண்ணாடிக்கு முன் நின்று கையசைத்தான். சிஸ்டம் சாரும் கையசைத்தார். சிறையில் இருப்பவரைப் பார்க்க வந்தவன் வழியனுப்புகிறானா, வழியனுப்ப வேண்டியவர் சிறையில் இருக்கிறாரா என்று எவருக்கும் விளங்கவில்லை. "நேரமாச்சு, நேரமாச்சு" என்றார் ஸ்டூடியோக்காரர். "அவரு உள்ளயே நிக்கட்டும். நீங்க எல்லாரும் இப்படி கதவுக்கு முன்னாடி நில்லுங்க. கண்ணாடி வழியா அவரு முகம் தெரியற மாதிரி நான் எடுத்துடறேன்."

அணிவகுத்தார்கள். மகள் முன்னே, பெரியவர்கள் பின்னே, அவர்கள் தோள்களின் இடைவெளியில், கண்ணாடிக்கு அப்பால், மருமகனின் முகம். ஸ்டூடியோக்காரர் நடைபாதையின் மறுகோடிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பார்த்தார். இடம் போதவில்லை. "பெரியவரே, நீங்க அவர மறைக்கிறீங்க. கொஞ்சம் பின்னால போங்க" என்றார். மாமனார் அரையடி நகர்ந்தார். "இன்னும் கொஞ்சம்." இன்னும் அரையடி. மனைவியும் தம்பியும் அவரோடு ஒட்டி நகர்ந்தார்கள். "இன்னும் ஒரே அடி..."

"சார், கதவத் தொடாதீங்க!" என்று தேன்குரல் முதன்முறையாகக் கிறீச்சிட்டது. "கதவு! கதவு!" என்று மெக்கானிக் அண்ணன் இடிபோல் முழங்கினார். "மாமா, வேணாம்!" என்று உள்ளிருந்து சிஸ்டம் சார் இரு கைகளையும் விரித்தார். ஆனால் மாமனார் அந்நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவரல்லர். அந்த வேதவாக்கை அவர் எந்த டீக் கோப்பையிலும் படித்ததில்லை.

ஒரு பாதம் பின்னே வைத்தார். அவ்வளவுதான்! மூன்று மணி நேரம் மூன்று பெருவீரரை எதிர்த்து நின்ற அக்கோட்டைவாயில், மேலாளர் ஆணைக்கும் விதிப் புத்தகத்துக்கும் அசையாத அவ்வாயில், தொண்ணூற்றெட்டுக் கிலோ மாமனாரின் முதுகு பட்டமாத்திரத்தில், கரையுடைந்த ஏரிபோல், விருட்டென்று உள்ளே விலகிற்று. விலக, மாமனார் வானத்தை நோக்கியபடி சாய்ந்தார். சாய்ந்தவர் சேலைத் தலைப்பைப் பற்ற மனைவியார் விழுந்தார். அவர் கையைப் பிடித்த மகள் விழுந்தாள். மகளைப் பிடிக்கப்போன தம்பி பெட்டியோடு விழுந்தான். "ஐயோ" என்று ஓர் அடி எடுத்து வைத்த மாமியாரும் விழுந்தார். எல்லோருக்கும் அடியில், விரித்த கைகள் விரித்தபடி, ஐந்நூறு குமிழிகள் ஒரே நேரத்தில் வாணவேடிக்கையாய் வெடிக்க, அனைவரையும் மார்பில் தாங்கி, மல்லாந்து கிடந்தார் எங்கள் சிஸ்டம் சார். அந்தக் கணத்தில், பதற்றத்தில், ஸ்டூடியோக்காரரின் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது.

யாருக்கும் அடி படவில்லை. குமிழி உறை வாழ்க. தம்பி ரயிலைப் பிடித்தான். வேறு படம் எடுக்க நேரமில்லாததால் அந்தப் படமே பெரிதாக்கப்பட்டு, மாமியார் வீட்டுக் கூடத்தில் நான்காவதாகத் தொங்குகிறது. "உங்க மருமகன் எங்கே?" என்று இப்போது யாரும் கேட்பதில்லை, எல்லோர் காலுக்கும் கீழே பளிச்சென்று தெரிகிறார், சிரித்தபடி. மனைவியார் அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நிறையப் பேசினார். சர்வர் மறுநாள் நண்பகலில்தான் உயிர் பெற்றது.

இனி எஞ்சியிருப்பது ஒரே கேள்வி. நாற்பத்தேழு கடவுச்சொற்களுக்கும், முந்நூறு மீட்புகளுக்கும், மூவாயிரம் ஆறுதல் மொழிகளுக்கும், ஓர் அரசாணைக்கும், மூன்று ஆறிலக்க எண்களுக்கும் இணங்காத அப்பெருங்கதவம், ஒரு மாமனாரின் முதுகுக்கு எவ்வாறு இணங்கிற்று? மறுநாள் கதவு விற்ற கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்; சுற்றி நின்று, குனிந்து, நிமிர்ந்து, விளக்கைத் தட்டி, கீலைத் தடவி, நெடுநேரம் ஆராய்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சர்வர் நின்ற உடனேயே பூட்டு தானாக விட்டுவிடும்படிதான் இதைச் செய்திருக்கிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது.